தேள்கொடுக்குக்கு லத்தீனில் ஒரு பேர்

என் அக்கா செத்துப்போனதற்குக் காரணமான மனிதரைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் பொய் பேசமாட்டார். அவர் அர்த்தம் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பிறகு என் மகள் போனில் தேடிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ஆத்திரமே அதில்தான். பொய் சொல்லியிருந்தால் பொய்யன் என்று காறித் துப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

பிள்ளையார்பாளையத்துக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு கட்டடம், வரிசையாகக் கடைகள். அதில் ஒன்று என்னுடையது. பிளவுஸ் தைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், முந்தானைக்குக் குச்சு கட்டுவேன். பக்கத்துக் கடை அவருடையது. ராசிக்கல் கடை. அதற்கு முன்னால் மருந்துக் கம்பெனி ரெப்பாகப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் காலம் முழுக்க நின்றவர். அந்த வேலை போனதும் கல் விற்க உட்கார்ந்தார். கல்லுக்கடை சார் என்றுதான் தெருவே கூப்பிடும். நானும் அப்படித்தான்.

முழுக்கைச் சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டுக்கொண்டுதான் கடையைத் திறப்பார். வந்தவர் உட்காராமல் தான் உட்காரமாட்டார். டாக்டர் ரூமில் நின்று நின்று வந்த பழக்கம் என்பார். அந்த நாட்களில் மருந்துப் பேர்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்து, இந்தப் பேர் எங்கிருந்து வந்தது, அந்தப் பேர் எதனால் வந்தது என்று தோண்டப் போய், அதுவே பித்தாகிவிட்டது. பாதி லத்தீன், மீதி கிரேக்கம். கல்லானாலும் செடியானாலும் நோயானாலும் அதன் பேரைப் பிரித்து அர்த்தம் சொல்லாமல் அவரால் ஒரு டீ குடிக்க முடியாது.

ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார்.

"அக்வாமரின். அக்வான்னா தண்ணி. மரீனான்னா கடலோடது. கடல் தண்ணி! பேர்லயே இருக்குது பாருங்க."

இதுவரைக்கும் நியாயம். பிறகு ஆள்காட்டி விரலைத் தூக்கி ஓர் "அதனால" போடுவார். அதனால இது உடம்புச் சூட்டைத் தணிக்கும். அதனால இது கோபத்தைக் குறைக்கும். பேர் வரைக்கும் படித்த மனிதர். அந்த "அதனால" வந்ததும் பஸ் ஸ்டாண்டில் பல்பொடி விற்கிறவன்கூட இவரைவிட யோக்கியன் என்று தோன்றும். அவனுக்காவது பல்பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

ரத்தச்சோகை பிடித்த ஒரு பெண் வந்தாள். அவளுக்குக் கார்னெட் மோதிரம் கொடுத்தார். "லத்தீன்ல கிரானும்னா விதை. மாதுளைக்கு அதனாலதான் கிரனாட்டம்னு பேரு. இந்தக் கல்லு மாதுளை முத்து மாதிரியே இருக்கறதால அந்தப் பேரு இதுக்கும் வந்துச்சு. கல்லும் பழமும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கம்மா. அதனால மோதிரமும் போடுங்க, மாதுளையும் சாப்பிடுங்க." அவள் சாப்பிட்டாள், டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையையும் விழுங்கினாள், தேறினாள். பேர் யாருக்கு? கல்லுக்கு. அதன் பிறகு தெருவில் பாதிப் பெண்கள் விரலில் கார்னெட்.

அவரால் எனக்கு ஒரு நஷ்டமும் உண்டு. திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பத்து டீச்சர் ஒருவர் எனக்கு வாடிக்கை. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிற வீடு. என்னிடமிருந்த நல்ல பர்ப்பிள் துணியில் பிளவுஸ் தைக்கச் சொல்லியிருந்தார். அளவு பார்க்க வந்த நேரத்தில் இவர் வாசலில் நின்று ஆரம்பித்தார்.

"பர்ப்பிளுக்கு மூலம் லத்தீன்ல பர்ப்பூரா. அது ஒரு கடல் நத்தை. அந்தக் காலத்துல கூடை கூடையா நத்தையை நசுக்கித்தான் இந்தக் கலரை எடுத்தாங்க."

டீச்சர் துணியிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயோ, உயிரைக் கொன்னு எடுத்த கலரா? எனக்கு வேணாம்மா."

"டீச்சர், இது சூரத் மில்லுல போட்ட சாயம். இதுல நத்தை எங்கேர்ந்து வந்துச்சு?" என்று நான் கத்தினேன்.

"பேர்ல வந்துடுச்சேம்மா" என்றார் இவர், ரொம்பத் தன்மையாக.

வெட்டிய துணி என் தலையில் விழுந்தது. கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நான் வருவதற்குள் என் கடை வாசலையும் சேர்த்துப் பெருக்கி வைத்திருந்தார். அப்படியும் ஒரு மனிதர். கேட்காமல் என் கடைக்குள் கால் வைத்ததில்லை. நான் துணி வாங்கச் சென்னைக்குப் போனால் என் கடைக்கும் அவர்தான் காவல். இந்தத் தெருவில் தனியாகக் கடை வைத்திருக்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்காத ஒரே ஆம்பளை. இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைத் திட்டினால் எனக்குச் சுலபம். அது முடியவில்லை என்பதும் என் எரிச்சல்தான்.

என் அக்கா பட்டு சுற்றுகிறவள். கழியாக வரும் பட்டு நூலை ராட்டையில் போட்டுத் தார்க்குச்சியில் சுற்றி ஏற்றுகிற வேலை. அவளுக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகி, உட்கார்ந்த இடமெல்லாம் நனைகிற அளவுக்குப் போனது. மாமாவிடம் இதையெல்லாம் பேச முடியாது. அவர் வாயைத் திறப்பதே சோறு போடு என்று சொல்லத்தான். நான்தான் அவளை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். "ஃபைப்ராய்டு. எடுத்துடணும்" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார். என்ன எடுப்பார்கள், கட்டியையா, கர்ப்பப்பையையா, உயிருக்கு ஆபத்தா, ஒன்றும் சொல்லவில்லை. கேட்பதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தம்மா மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அது ஆறாது.

அக்கா என் கடைக்கு வந்து, தையல் மெஷினில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். கேன்சர் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

"உள்ள வரலாமாம்மா?" என்று வாசலில் நின்று கேட்டார் அவர். வந்தார். அவள் உட்கார்ந்திருந்ததால் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபைப்ரான்னா லத்தீன்ல இழை. நாரு. கர்ப்பப்பையோட சதை இழையே ஒரு இடத்துல சுத்திச் சுத்தி உருண்டையாகியிருக்குது. நீங்க தார்ல நூல் ஏத்தறீங்க இல்ல, அந்த மாதிரி ஏறிக்கினே போயிருக்குது. பெரும்பாலும் இது கேன்சரே கிடையாதும்மா. நெறைய பொம்பளைங்களுக்கு இருக்குது."

அக்கா நிமிர்ந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நூல் உருண்டையா சார்? இதை அந்தம்மா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அங்கியே ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லியிருப்பேனே!"

அந்த இடத்தில் அவர் எழுந்து போயிருந்தால் இன்றைக்கும் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர் விரலைத் தூக்கினார்.

"அதனால..."

ஒரு மோதிரத்தோடு திரும்பி வந்தார். பச்சைக் கல், மேலே ரத்தம் தெறித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். இப்போது பிளட்ஸ்டோன் என்கிறார்கள், பழைய பேர் ஹீலியோட்ரோப் என்றார். "ஹீலியோஸ்னா சூரியன். ட்ரோப்னா திரும்பறது. கிரேக்கத்துல பொறந்து லத்தீன்ல வளர்ந்த பேரு. இந்தக் கல்லைத் தண்ணில போட்டு வெயில்ல வெச்சா சூரியனே ரத்தச் செவப்பா மாறித் தெரியும்னு ரோம்காரங்க நம்பினாங்க. ரத்தத்தைக் கட்டும்னு போட்டுக்கினாங்க."

நம்பினார்கள், போட்டுக்கொண்டார்கள். பாருங்கள், அங்கேயும் பொய் இல்லை. ரத்தம் நின்றது என்று அவர் சொல்லவே இல்லை.

மோதிரத்தைப் போட்டுக்கொண்டு அக்கா வேலைக்குப் போனாள். மறுநாளே திரும்பி வந்தாள். பட்டு சுற்றுகிறவர்கள் மோதிரம் போடமாட்டார்கள். விரலில் ஒரு வெடிப்பு இருந்தாலே இழை மாட்டும் என்று தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கையை மெத்தென்று வைத்திருப்பவள் அவள். இந்த மோதிரத்திலோ கல்லைப் பிடித்துக்கொள்ள நாலு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"ராட்டை சுத்தச் சுத்த இழை அறுந்து போவுது சார். மொதலாளி காட்டுக் கத்தலா கத்தறாரு. நல்லாத்தான் இருக்குது, ஆனா என் வேலைக்கு ஆவாது."

"கழுத்துல போட்டுக்கறீங்களா?"

"தாலியோட சேத்து வேற எதையும் கோக்க மாட்டேன் சார்."

அவர் மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு யோசித்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இப்போதும் அந்த முகம் ஞாபகம் வந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட வேண்டியிருக்கிறது.

"இதே பேர்ல ஒரு செடி இருக்குதும்மா. நம்ம தேள்கொடுக்கு! அதோட பேரு ஹீலியோட்ரோப்பியம் இண்டிக்கம். இண்டிக்கம்னா இந்தியாவோடது. நம்ம ஊர்துன்னு பேர்லயே இருக்குது. பூ சூரியனைப் பாத்துத் திரும்பறதால வந்த பேரு. கல்லு வெளியேர்ந்து பண்றதைச் செடி உள்ளேர்ந்து பண்ணும்."

அந்த மோதிரம் அவள் விரலில் நின்றிருந்தால் என் அக்கா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். கல் யாரையும் கொல்லாது. விரலில் சும்மா உட்கார்ந்திருக்கும். நோய் முற்றினால் ஒரு நாள் நானே அவளைத் தரதரவென்று இழுத்துப் போய் ஆபரேஷன் செய்ய வைத்திருப்பேன். பட்டு அறுந்துபோகக்கூடாது என்பதற்காக அவள் விஷத்தைக் குடித்தாள்.

தேள்கொடுக்கு எங்களுக்குத் தெரியாத செடி இல்லை. பூங்கொத்து தேள் வாலைப்போலச் சுருண்டிருக்கும். அதனாலேயே தேள் கொட்டினால் அரைத்துப் போடுவார்கள். நம் ஆட்களும் பேரைப் பார்த்து வைத்தியம் செய்கிறவர்கள்தான். ஆனால் மேலே பூசுவார்கள், குடிக்கமாட்டார்கள். இவர் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னார். தாமல் ஏரியில் தண்ணீர் இறங்கினால் அந்த ஈரத்தில் அது தளதளவென்று கிளம்பும். ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டரில் போய்ப் பை நிறையப் பிடுங்கி வருவார். ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருந்தால் மோசடி என்று போலீசுக்காவது போயிருப்பேன்.

என் கடைக்கு எதிரே இருந்த காலி மனையிலும் அது முளைத்துக் கிடந்தது. நான் காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரை அதைப் பார்த்தபடிதான் மெஷின் மிதிக்கிறேன். ஒரு நாள் கேட்டேன்.

"சார், அது எங்க சூரியனைப் பாத்துத் திரும்புது? காலையில எந்தப் பக்கம் சுருண்டுக்கினு இருந்துச்சோ சாயங்காலமும் அதே பக்கம்தான் இருக்குது."

"எல்லா வகையும் திரும்பாதும்மா. எதையோ பாத்து என்னிக்கோ ஒருத்தன் வெச்ச பேரு."

"அப்ப அந்தப் பேரை நம்பி எங்க அக்காவுக்கு ஏன் குடுக்கறீங்க?"

சிரித்தார். கோபமே வராத சிரிப்பு. "நீங்க ரொம்ப கேள்வி கேக்கறீங்கம்மா. அவங்களுக்குக் கொறைஞ்சிருக்குதே."

குறைந்துதான் இருந்தது. அக்காவுக்கு மாதவிலக்கு தானாகவே நிற்கிற வயசு. அதைச் சொன்னால் அவள் என்மேல் பாய்ந்தாள். "உனக்கு அவரைக் கண்டாலே ஆவாது. என்னை உக்கார வெச்சு, இதுக்கு இதுதான் அர்த்தம்னு இந்த ஊர்ல யாருடி சொன்னாங்க? உங்க மாமா சொன்னாரா? அந்த டாக்டரம்மா சொல்லிச்சா?" அவள் என் கடைக்கு வருவதே அவரிடம் கதை கேட்கத்தான் என்று ஆகிவிட்டது. ரூபிக்கு அர்த்தம் சிவப்பு, தொட்டாற்சிணுங்கிக்கு லத்தீனில் பேர் வெட்கப்படுகிறவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சந்தோஷமாக இருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. கட்டிதான் வளர்கிறது என்று நினைத்துக் கஷாயத்தை இன்னும் கெட்டியாகக் காய்ச்சிக் குடித்தாள். கண் மஞ்சளாகி, எழுந்து நிற்க முடியாமல் விழுந்த அன்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு சின்ன வயசு லேடி டாக்டர், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டார்களா என்று கேட்டார். காலி மனையிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் போட்டோ எடுத்து, யார் யாரிடமோ கேட்டுவிட்டு, மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தச் செடி ஈரலுக்கு விஷம், கொஞ்சம் கொஞ்சமாக ஈரலின் ரத்தக் குழாயையே அடைத்துவிடும் என்றார். காப்பாற்றுவது கஷ்டம் என்றும் சொன்னார்.

நேராகக் கல்லுக்கடைக்குப் போனேன். செடியை அவருடைய கண்ணாடி மேஜைமேல் எறிந்தேன். மண் சிதறியது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்படி எங்கயும் படிக்கலயேம்மா."

"தேடிப் பாத்தீங்களா?"

"பேரைத் தேடினேன்" என்றார்.

பேரைத் தேடினாராம்! அது என்ன செய்யும் என்று ஒருநாள் தேடியிருக்கக்கூடாதா? அத்தனை டாக்டர்களைத் தெரியும், ஒருத்தரிடம் கேட்டிருக்கக்கூடாதா? தெருவே கூடி வேடிக்கை பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மறுநாள் கடை திறக்கவில்லை.

அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிலையில் எப்படிச் சொல்வது? அவளோ, "சாரை ஒரு தடவ வரச் சொல்லுடி. இவங்க பேசறது எனக்கு ஒண்ணும் புரியல. அவரு வந்தா அர்த்தம் சொல்லுவாரு" என்று பிடித்த பிடியாக நின்றாள். நான் முடியாது என்றேன். சாப்பிடமாட்டேன் என்றாள். கொலைகாரன் என்று திட்டிய வாயாலேயே போய் அந்த மனிதரை அழைக்க வேண்டிய தலையெழுத்து எனக்கு.

அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒரு நிபந்தனை போட்டேன். "அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லல. நீங்கதான் சொல்லணும். உங்க வாயால சொல்லணும்."

"சொல்றேம்மா" என்றார். வழியில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டார்.

அக்காவுக்கு அவரைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "வாங்க சார். நீங்க மொதல்ல உக்காருங்க, நான் படுத்துக்கினுதான் இருக்கேன்" என்றாள். அவர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஜாண்டிஸ்னு சொல்றாங்களே சார்."

"பிரெஞ்சுல ஜோன்னா மஞ்சள். அதுக்கும் மூலம் லத்தீன்தாம்மா. பச்சை கலந்த மஞ்சள்னு அர்த்தம்."

"வயித்துல தண்ணி கோத்துக்கினு இருக்குதே, அதுக்கு அசைட்டிஸ்ங்கறாங்க."

"அஸ்கோஸ்னா தோல்பை. பழைய காலத்துல தண்ணி, சாராயம் ரொப்பி வெப்பாங்க."

அக்கா தன் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "சரியாத்தான் பேரு வெச்சிருக்கான். எதனால சார் இது வருது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஈரல் கெட்டா வரும்மா."

"ஈரல் எதனால கெடுது?"

"அதுக்குப் பல காரணம் இருக்குது."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சொல்லுங்க சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"ஏன்டி சாரைத் தொந்தரவு பண்ற? போய் அவருக்குக் காபி வாங்கிக்கினு வா" என்றாள் அக்கா.

நான் போனேன். தனியாக விட்டால் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கேன்டீனில் கூட்டம். நான் காபியோடு திரும்பும்போது ஸ்டூல் காலியாக இருந்தது. சாத்துக்குடிப் பை மட்டும் தலைமாட்டில்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சாம்" என்றாள்.

"உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"ஹெபார்னா ஈரல்னு சொன்னாரு."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, அந்த ஆளு குடுத்த செடிதான் உன்னை..."

"தெரியும்டி" என்றாள். "அந்தச் சின்ன டாக்டரம்மா உன்கிட்ட சொன்ன அன்னிக்கே எங்கிட்டயும் சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுக்கினேவா அவரை வரச் சொன்ன? எதுக்கு?"

"அவரு வாயால வருதான்னு பாக்கத்தான். ஊர்ல இருக்கற எல்லாத்துக்கும் காரணம் சொன்ன மனுசன். இதையும் சொல்லிட்டாருன்னா மன்னிச்சுட்டுப் போயிடலாம்னு இருந்தேன்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"காபி ஆறுது பாரு. நீ குடி."